ஒளியை எண்ணியவர்கள் – 17: விண்மீனை அளந்த குழாய் அரிசி ஆலைக்கு வந்த கதை

சென்ற இதழில் ஜவ்வாது மலையில், கவலூர் வானாய்வகத்தில் நிறுத்தியிருந்தோம். 1977 மார்ச் 10 பின்னிரவில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடப்பதைப் பதிவு செய்ய ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோள் விண்மீனைத் தொடுவதற்கு முன்பே ஒளி ஒருமுறை குன்றி மீண்டது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழு, அந்தக் குன்றலுக்குக் காரணம் யுரேனஸின் வளையங்கள் என்று உறுதி செய்தது. இரண்டு இடத்திலும் கண் வைத்துப் பார்த்தவர் எவரும் அந்தக் குறைவைக் கண்டிருக்க முடியாது. கண்டது கருவி. கவலூர் ஒளிமானியின் நெஞ்சில் இருந்தது ஒளிப்பெருக்கிக் குழாய்.

இந்த இதழில் மலை இறங்கி, அதே குழாயின் இன்னொரு பிழைப்பைப் பார்க்கத் தஞ்சாவூர்ச் சீமைக்குப் போகிறோம். காவிரி டெல்டா ஒளியுணரிகளைச் செய்த மண் அல்ல, வாங்கிய மண். கருவி செய்தவர்களின் கதையை இதுவரை அவர்கள் பக்கமிருந்தே சொல்லி வந்தோம். ஒருமுறை வாங்கியவர் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் கதை மழையில் தொடங்குகிறது.

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல் உண்டு. குறுவை உண்டென்றால் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். இது காலங்காலமாக உள்ள தொல்லை. ஆனால் 1960களில் தொல்லையின் அளவு மாறியது. 1960–61இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன் உரமும் விதையும் கடனும் ஒரே பொட்டலமாக வந்தன. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து ஆடுதுறை 27ஐக் கொடுத்தது. ஏறக்குறைய 105 நாளில் விளையும் நெல். அறுபதுகளின் நடுவில் குறுவைப் பட்டத்தில் அது காட்டுத்தீயாகப் பரவியது. விளைச்சல் கூடியது. அதே மழையில், அதே களத்தில், முன்னைவிட அதிக நெல் வந்து குவிந்தது. காய வைக்க வெயில் மட்டும் கூடவில்லை.

ஈர நெல்லைக் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குவியலுக்குள் கையை விட்டால் சுடும். நெல் மூச்சு விடுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, சில மணிகள் முளை விடுகின்றன. உள்ளே அரிசி மஞ்சளாகிப் பழுப்பாகிறது. பால் பிடிக்கும் நேரத்தில் கதிர்நாவாய்ப்பூச்சி குத்தி உறிஞ்சிய மணிகள் வேறு கரும்புள்ளியோடு வரும். பச்சரிசியாக அரைத்தால் தீட்டலில் கொஞ்சம் மறையும். நாம் சாப்பிடுவது புழுங்கல். அவித்தால் புள்ளி இன்னும் கறுக்கும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் 1967இல் திருவாரூரில், தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1972இல் அதற்கு நெல் பதன்செய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் வந்தது. 1984இல் தஞ்சாவூருக்கு இடம் மாறியது. பிறகு பலமுறை பெயர் மாறி, 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்பக் கழகமாகப் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. ஈர நெல்லோடு சமையல் உப்பையும் உமியையும் கலந்து வைத்துச் சில நாள் கெடாமல் காப்பது அவர்கள் ஆரம்பத்தில் சொன்ன வழிகளில் ஒன்று. விவசாயி வீட்டிலேயே செய்யக்கூடிய, செலவில்லாத வேலை. எனக்கு அந்த உப்பு-உமி யோசனை மிகவும் பிடிக்கும். நோயை அதன் வீட்டிலேயே போய்ப் பிடிக்கும் வைத்தியம் அது. ஆனால் நாடு தேர்ந்தெடுத்தது வேறு வைத்தியம். நெல் கெட்ட பிறகு, அரைத்து முடித்த பிறகு, கெட்ட அரிசியை மணி மணியாகப் பொறுக்கி எறிவது. அதற்குத்தான் குழாய் வேண்டியிருந்தது.

குழாயின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒளி பட்டால் சில உலோகங்கள் எலக்ட்ரானை உமிழும் என்பதன் முதல் தடயத்தை 1887இல் ஹெர்ட்ஸ் கண்டார், 1905இல் ஐன்ஸ்டைன் அதை விளக்கினார். ஆனால் ஓர் ஒளித்துகளுக்கு ஓர் எலக்ட்ரான் கிடைத்து என்ன பயன்? அதை அளக்க முடியாது. 1930களில் சோவியத் நாட்டில் குபெட்ஸ்கியும் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தாரும் ஒரு தந்திரம் செய்தார்கள். வெளிவந்த எலக்ட்ரானை மின்னழுத்தத்தால் இழுத்து இன்னொரு தகட்டில் மோத விட்டால், அங்கிருந்து நான்கைந்து எலக்ட்ரான்கள் தெறிக்கும். அவற்றை அடுத்த தகட்டில் மோத விடு. அடுத்ததில். ஒரு படிக்கு ஐந்து மடங்கு என்று வைத்தால் ஒன்பது படியில் ஏறக்குறைய 20 லட்சம் எலக்ட்ரான்கள். ஆர்.சி.ஏ.யின் 931ஏ என்ற குழாயில் ஒன்பது படிகள் இருந்தன. கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த கண்ணாடிக் குழாய், உள்ளே காற்றில்லை, பக்கவாட்டில் ஒளி நுழைய ஒரு சாளரம். அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப்போர் அதை வாரி எடுத்தது, ஒளியைப் பார்க்க அல்ல. குழாயின் மின் இரைச்சலைப் பெருக்கி, எதிரியின் ராடாரைக் குழப்பும் கருவிக்கு இரைச்சல் ஊற்றாகப் பயன்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கில் செய்தார்கள். போர் முடிந்ததும் விலை இறங்கிய குழாய் விஞ்ஞானிகள் கைக்கும் வியாபாரிகள் கைக்கும் ஒரே சமயத்தில் வந்தது. போருக்குப் பயன்பட்ட எத்தனையோ பொருள்கள் இப்படித்தான் சந்தைக்கு வந்திருக்கின்றன. இந்தக் குழாய்க்கு அந்தப் போரில் கிடைத்தது ஒரு நகைச்சுவை வேடம். பார்ப்பதற்கென்றே செய்த கருவி, பிறர் பார்வையைக் கெடுக்கும் வேலை பார்த்தது.

931ஏ குழாய்களில் இரைச்சல் குறைந்தவற்றைப் பொறுக்கி எடுத்து 1பி21 என்று பெயரிட்டு விற்றார்கள். வானியலாளர்கள் அதைக் கொத்திக்கொண்டு போனார்கள். 1953இல் ஜான்சனும் மார்கனும் விண்மீன்களின் நிறத்தை எண்ணால் சொல்லும் முறையை இந்தக் குழாயை வைத்தே வகுத்தார்கள். விண்மீன் ஒளியை நீல வடிகட்டி வழியாக ஒருமுறை அளக்க வேண்டும், மஞ்சள்-பச்சை வடிகட்டி வழியாக ஒருமுறை. இரண்டின் விகிதத்தை மடக்கை அளவில் வித்தியாசமாகச் சொல்வதுதான் நிறக்குறியீடு. நம் சூரியனுக்கு 0.65. செக்கச் சிவந்த திருவாதிரைக்கு 1.85. இதில் உள்ள அழகு என்னவென்றால், விண்மீன் பெரிதா சிறிதா, அருகிலா தொலைவிலா என்பது பற்றிக் கவலை இல்லை. தொலைவு கூடினால் இரண்டு அளவும் சேர்ந்தே குறையும், இரண்டின் விகிதம் மாறாது.

இந்தக் கணக்கை அரிசி ஆலை மேஸ்திரியிடம் சொன்னால் அவர் உடனே புரிந்துகொள்வார். அவருடைய இயந்திரத்திலும் நடப்பது அதுதான். மணி பெரிதா நொறுங்கியதா, விளக்கு சற்று மங்கியதா, கண்ணாடியில் தவிடு படிந்ததா என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நிறத்தை மட்டும் பிடிக்க இரண்டு வடிகட்டிகளின் விகிதம் உதவும். மஞ்சளான அரிசி நீல ஒளியை விழுங்கிக்கொள்ளும், சிவப்பை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரும். வெள்ளை அரிசி இரண்டையும் தரும். விகிதம் தவறினால் மணி தவறு.

இப்படி நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரத்தை அரிசிக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1930களிலேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெள்ளை பீன்ஸைப் பொறுக்க ஒளிமின்கலத்தைப் பயன்படுத்தினார்கள். லண்டனில் விதை வியாபாரத்திலிருந்து கிளைத்த கன்சன்ஸ் சார்டெக்ஸ் நிறுவனம் 1947இல் தொடங்கியது. பட்டாணி, பீன்ஸ், காபிக்கொட்டை என்று கை நிறைய எடுக்கக்கூடிய, விலை உள்ள பொருள்கள்தான் ஆரம்ப வாடிக்கை. ஒன்றன்பின் ஒன்றாக விழும் கொட்டையை நாலாபக்கமும் விளக்கு எரியும் பெட்டிக்குள் குழாய்கள் பார்க்கும். பின்னால் நல்ல கொட்டையின் அதே சாயலில் ஒரு தகடு இருக்கும். கொட்டை நல்லதென்றால் தகட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, குழாய் சும்மா இருக்கும். கறுத்த கொட்டை வந்தால் ஒளி குன்றும். கவலூரில் விண்மீன் குன்றியதுபோலத்தான். உடனே காற்று பீச்சி அதை வெளியே தள்ளும்.

அரிசிக்கு இந்த ஏற்பாடு எளிதில் கட்டுப்படியாகவில்லை. ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும். ஒரு கிலோ அரிசியில் சுமார் 50,000 மணிகள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டன் ஓட்டும் ஆலை என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28,000 மணிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே குழாயின் முன் நிறுத்த எத்தனை குழாய், எத்தனை பீச்சி? அதற்கு ஆகும் செலவில் களத்தில் இன்னும் பத்துப் பெண்களை முறத்தோடு உட்கார வைக்கலாம் என்று முதலாளிகள் கணக்குப் போட்டார்கள், உட்காரவும் வைத்தார்கள். டெல்டா ஆலைகளில் கல்லும் கறுப்பும் பொறுக்கியது அந்தக் கைகள்தான். புடைத்தால் எடை குறைந்தது பறக்கும். கறுத்த அரிசியும் வெளுத்த அரிசியும் ஒரே எடை. அதனால் புடைத்துப் பயனில்லை, விரலால்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெண்களுக்குக் கொடுத்த கூலியும் அவர்கள் கண்ணுக்கு வந்த கேடும் எந்தக் கருவி நிறுவனத்தின் வரலாற்றிலும் இருக்காது.

நிலைமையை மாற்றியது 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் யோசித்த சி.சி.டி. ஒரு சிலிக்கான் துண்டில் வரிசையாக ஆயிரக்கணக்கான ஒளியுணரிகள். வானியலாளர்கள் அதை ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்கள், அதனால் கவலூரிலும் ஒளிப்பெருக்கிக் குழாய் பின்வாங்கியது. பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் 2009இல் நோபல் கிடைத்தது. ஆலைக்காரருக்கு வேறு லாபம் கிடைத்தது. மணியைத் தனித்தனியே பிரிக்க வேண்டியதில்லை. அகலச் சரிவில் திரையாக வழியும் அரிசியை ஒரே வரிசைக் கேமரா பார்த்துவிடும். எந்த இடத்தில் கறுப்பு என்று தெரிந்தால் அந்த இடத்துப் பீச்சி மட்டும் திறக்கும். 1993இல் சார்டெக்ஸை சுவிட்சர்லாந்தின் பியூலர் நிறுவனம் வாங்கியது. சீனத்தின் ஹெஃபெய் நகரிலிருந்தும் ஜப்பானின் சடாகே நிறுவனத்திடமிருந்தும் இயந்திரங்கள் வந்தன. கோயம்புத்தூரிலும் செய்யத் தொடங்கினார்கள். எந்த ஊர் இயந்திரமாக இருந்தாலும் டெல்டா ஆலையில் அது சார்டெக்ஸ்தான். மளிகைக் கடை மூட்டையிலும் சார்டெக்ஸ் அரிசி என்றுதான் அச்சிடுகிறார்கள்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆலையில் அதை ஓட்டுபவரோடு கொஞ்ச நேரம் நின்றேன். இயந்திரத்தின் தலையில் அதிரும் தட்டு. அதிலிருந்து அரிசி செங்குத்தான வழுக்குச் சரிவில் இறங்குகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் வழுக்கி முனையை விட்டு விழும்போது நொடிக்கு மூன்று, நான்கு மீட்டர் வேகம். ஆறேழு மில்லிமீட்டர் நீளமுள்ள மணி கேமராவின் கோட்டைக் கடக்க இரண்டு மில்லி நொடி ஆகும். அதற்குள் முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்து, கணக்கிட்டு, சில விரற்கடை கீழே உள்ள பீச்சியிடம் மணி வந்து சேரும் நேரத்தைக் கணித்து, அந்த நேரத்துக்குச் சரியாகக் காற்றைத் திறக்க வேண்டும். அருகில் நின்றால் காதில் விழுவது பெருமழை தகரத்தில் விழும் சடசடப்பு. ஒவ்வொரு சடசடப்பும் ஒரு மணியின் தள்ளுபடி. கம்ப்ரஸர் நின்றால் இயந்திரம் குருடாவதில்லை, கை இழந்துவிடுகிறது. கறுப்பைக் கண்டும் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் ரிஜெக்ட் வாயில் கையை நீட்டி ஒரு பிடி அள்ளிக் காட்டினார். பாதிக்குமேல் நல்ல அரிசி. "பாருங்க தம்பி, ஒரு கறுப்பைத் தள்ளுறப்ப பக்கத்துல வர்ற ரெண்டு நல்லதும் சேந்து போவுது. சென்சிட்டிவிட்டிய ஏத்துனா முதலாளி திட்டுவாரு, எறக்குனா கடைக்காரரு திட்டுவாரு." அதனால் தள்ளிய அரிசியை மறுபடி ஒருமுறை ஓட்டுகிறார்கள். இரண்டாவது சலிப்பில் விழுவதுதான் உண்மையான கழிவு. அது மாட்டுத் தீவனத்துக்கோ மாவாலைக்கோ போகும். ஒவ்வொரு மூட்டைக் குவியலுக்கும் பொத்தானைத் திருகி மாற்ற வேண்டியிருக்கிறது. ஈர நெல் வந்த வாரத்தில் இயந்திரம் பாதி வேகத்தில்தான் ஓடும் என்றார். ஐப்பசியில் பெய்த மழை மார்கழியில் இங்கே கணக்கில் ஏறுகிறது.

இந்தக் கருவிகளின் உள்ளே இருக்கும் ஒளியுணரியைச் செய்பவர் பெயர் ஆலைக்காரருக்குத் தெரிவதில்லை. அந்த உலகத்தில் தனியாக நிற்கும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஜப்பானின் ஹமாமட்சு நகரில் 1926இல் தகாயநாகி என்ற ஆசிரியர் மின்குழாய்த் திரையில் ஓர் எழுத்தைக் காட்டினார். அவருடைய மாணவர் ஹோரியுச்சி 1953இல் அதே நகரில் ஒளிக்குழாய் செய்யும் சிறு நிறுவனம் தொடங்கினார். இன்று அது ஹமாமட்சு ஃபோட்டோனிக்ஸ். கோஷிபா என்ற இயற்பியலாளர் கேட்டதற்காக 20 அங்குல விட்டமுள்ள, உலகிலேயே மிகப் பெரிய ஒளிப்பெருக்கிக் குழாயைச் செய்து கொடுத்தது. அந்தக் குழாய்கள் சுமார் ஆயிரத்தை ஒரு சுரங்கத் தொட்டியில் பதித்து, வெடித்த விண்மீன் ஒன்றிலிருந்து 1987 பிப்ரவரி 23 அன்று வந்து சேர்ந்த நியூட்ரினோக்களில் 11ஐ எண்ணினார் கோஷிபா. 2002இல் அவருக்கு நோபல். பதினோரு துகளுக்கு ஆயிரம் குழாய், நொடிக்கு 28,000 அரிசிக்கு ஓரிரு கேமரா. ஒளியுணரித் தொழில் இந்த இரண்டு முனைகளுக்கு இடையில்தான் சம்பாதிக்கிறது. நடுவில் உள்ள மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் பற்றி வேறு இதழில்.

மீண்டும் டெல்டா. ரேஷன் அரிசியில் கறுப்பு இருக்கிறது என்ற புகார் இங்கே பழையது. மத்திய அரசு தன் கிடங்குக்கு எடுக்கும் அரிசியில் நிறம் மாறிய மணிகள் பச்சரிசியில் 3 சதவீதம், புழுங்கலில் 5 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. நூற்றுக்கு ஐந்து என்பது காகிதத்தில் சிறிது. இலையில் போட்டால் அது நன்றாகவே தெரியும். 2021க்குப் பிறகு, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் தனியார் ஆலைகளும் நிறம் பிரிக்கும் கலர் சார்ட்டர் பொருத்தியாக வேண்டும் என்று மாநில அரசு சொன்னது. ஆலைகள் பொருத்தின. ரேஷன் அரிசியின் நிறம் தேறியது உண்மை. வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த உத்தரவை நான் குறை சொல்லமாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் எந்த விவசாயி 17ஐக் காட்டுவார்? ஏறக்குறைய ஆண்டுதோறும் மாநிலம் 22 வரை தளர்த்தக் கேட்கும், மத்தியக் குழு வந்து கொள்முதல் நிலையங்களில் நெல்லை அள்ளிப் பார்க்கும். 2022 அக்டோபரில் 19 வரை கொடுத்தார்கள். கொடுப்பதற்குள் சாலையில் கொட்டிய நெல் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்துவிடும். தளர்வு வந்தாலும் நெல் காய்ந்துவிடாது, விலை கிடைக்கும், அவ்வளவுதான். உலர்த்தி வைக்க வேண்டிய செலவைக் களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் செய்யாமல், லட்சக்கணக்கில் விலையுள்ள கண்ணை ஆலையின் கடைசி மாடியில் வைத்திருக்கிறோம். அந்தக் கண்ணும் நிறத்தைத்தான் பார்க்கும். ஈர நெல்லைக் குவித்து அவித்த அரிசிக்கு வரும் வாடையை அதனால் பிடிக்க முடியாது, ஒளித்துகளில் வாடை இல்லை. வெள்ளை வெளேரென்று சார்டெக்ஸைத் தாண்டி வந்த அரிசி உலையில் கொதிக்கும்போது வீட்டுக்கார அம்மா மூக்கைச் சுளிப்பது அதனால்தான்.

திருவாரூர் ஆய்வுக்கூடம் தொடங்கி அறுபது ஆண்டு நெருங்குகிறது. தஞ்சாவூருக்குப் போன அதன் வாரிசு நிறுவனத்தில் நெல்லுக்கு உலர்த்திகளும் இருக்கின்றன, நிறம் பிரிக்கும் ஆய்வும் இருக்கிறது. கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் உலர்த்தி வந்து நின்றால், ஆலையில் பீச்சிகளின் சடசடப்பு குறையும். மன்னார்குடி மேஸ்திரி பொத்தானைத் திருகும் வேலையும் குறையும்.

அடுத்த இதழில் ஒளிப்பெருக்கிக் குழாய்களோடு கோலார் தங்கவயலுக்குள் இறங்குகிறோம். 1965இல், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர்கள் வெட்டிய வழியில், டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஒசாகாக்காரர்களும் டர்ஹாம்காரர்களும் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது அங்கே.

(தொடரும்)